இடமும் நாளும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் விழாக் காண்பதும் ஊர் காண்பதும்

1. வினா

மக்கள் தம் ஊரைவிட்டுப் பிற ஊர்களுக்குக் காட்சிக்காகவும் களிப்புக்காகவும் செல்வதை ஆராய்வோர் அதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். குறித்த நாளில் கூடிக் கலையும் திருவிழாவுக்குச் செல்வது ஒன்று. கட்டணம் செலுத்தி உள்ளே நுழைந்து பொழுதைக் கழிக்கும் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்வது மற்றொன்று. பழைய தெருக்களும் கட்டடங்களும் காக்கப்பட்டிருக்கும் மரபு நகர்ப் பகுதியைச் சுற்றிப் பார்ப்பது மூன்றாவது. இந்தப் பகுப்பு பெரும்பாலும் மேலைநாட்டு நகரங்களின் வரலாற்றிலிருந்து பிறந்ததாகும். 1843இல் கோபன்ஹேகனில் திறக்கப்பட்ட திவோலி பூங்காவும் 1955இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தும் கேளிக்கைக்கென்று மதிலும் வாயிலும் கொண்ட தனியிடத்தை வகுத்தன. பழங்கட்டடங்களைப் பேணும் நெறிகளைக் கூறும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், அந்நெறியைத் தனிக் கட்டடத்திலிருந்து முழு நகர்ப் பகுதிக்கும் விரித்த 1987ஆம் ஆண்டின் வாஷிங்டன் சாசனமும் மரபு நகருக்கு எல்லைக்கோடு வகுத்தன. இவ்வாறு கேளிக்கையும் மரபும் ஆளுக்கோர் எல்லையைப் பெற்றபின், திருவிழா இரண்டிலும் அடங்காத தனி வகையாக எஞ்சியது.

புதுச்சேரி நகரத்துக்கு இப்பகுப்பு ஓரளவு பொருந்துகிறது. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி மரபு நகராகவும், நோணாங்குப்பத்தில் உள்ள சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம் கேளிக்கையிடமாகவும், வைத்திக்குப்பம் கடற்கரையில் நிகழும் மாசி மகத் தீர்த்தவாரி திருவிழாவாகவும் தனித்தனியே அறியப்பட்டு, பயணிகளின் ஏடுகளிலும் தனித்தனித் தலைப்பில் இடம்பெறுகின்றன. நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் விரியும் வில்லியனூர், பாகூர் ஆகிய ஊரகக் கொம்யூன்களில் இதே பகுப்பைப் பொருத்தினால் என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும். இவ்வூர்களில் மூன்று வகையும் ஒரே தெருவில் ஒரே நாளில் ஒன்றாக நிகழ்ந்து, மறுநாளே கலைந்துவிடுகின்றன; ஆகையால் இங்குக் காணத்தக்கவற்றை இடங்களின் பட்டியலாக எழுதுவதைக் காட்டிலும் நாட்களின் பட்டியலாக எழுதுவதே உண்மைக்கு நெருக்கமானது என்பதும், பேணுதலையும் அந்த நாட்களை வைத்தே திட்டமிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. கொம்யூன் என்னும் பிரிவு

‘கொம்யூன்’ என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நிர்வாகச் சொல். தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத்துக்கு நிகராக இதைக் கொள்ளலாம் என்றாலும், இதன் பிறப்பு வேறு. கருநாடகப் போர்க்காலத்தில், 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாம் ஆதரித்த சந்தா சாகிபு தரப்பிடமிருந்து வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். 1752இல் பாகூரில் நடந்த போரில் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்சு பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். ஆட்சி பலமுறை கைமாறிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றபின், 1880ஆம் ஆண்டின் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. புதுச்சேரிப் பகுதிக்குரிய நான்கில் வில்லியனூரும் பாகூரும் இரண்டு. 1907இல் கொம்யூன்களின் எண்ணிக்கை பதினேழாக உயர்த்தப்பட்டது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பின், 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இவற்றைக் கொம்யூன் பஞ்சாயத்துகளாக்கியது. இன்று அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன்கள் புதுச்சேரிப் பகுதியில் உள்ளன.

இக்கொம்யூன்களின் நிலம் தொடர்ச்சியானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கொடைகளும் உடன்படிக்கைகளும் சிற்றூர் சிற்றூராகக் கைமாற்றியதன் விளைவாக, புதுச்சேரியின் ஊர்களும் தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சிங்கிரிகுடி நரசிம்மர் கோயில் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்குச் செல்வோர் புதுச்சேரியின் தவளக்குப்பத்தையும் அபிஷேகப்பாக்கத்தையும் கடந்தே செல்கின்றனர். கோயிலுக்கும் ஆற்றுக்கும் உரிய எல்லை ஒன்றாகவும் ஆட்சிக்குரிய எல்லை வேறொன்றாகவும் இருப்பதால், விழாவுக்கு வருவோர் யார், அவர்களுக்கு வசதி செய்ய வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் இங்கு எப்போதும் இரண்டு அரசுகளைத் தொட்டே எழுகின்றன.

3. நாட்களின் வரைபடம்

இப்பகுதியின் விழாக்கள் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றுவன அல்ல. நான்கு கணக்குகள் அருகருகே இயங்குகின்றன. முதலாவது ஞாயிற்றின் செலவை அடிப்படையாகக் கொண்ட சௌரமானக் கணக்கு. தைத் திங்கள் ஐந்தாம் நாள் நிகழும் ஆற்றுத் திருவிழா இக்கணக்கின்படி அமைவதால் ஒவ்வோர் ஆண்டும் சனவரி 18 அல்லது 19ஐ ஒட்டியே வரும். இரண்டாவது, சூரிய மாதத்துக்குள் நிலவும் விண்மீனும் கூடும் நாளைக் குறிக்கும் கணக்கு. மாசித் திங்களில் முழுநிலவை ஒட்டி மக நட்சத்திரம் வரும் நாளான மாசி மகம் இதன்பாற்பட்டது. மூன்றாவது கிறித்தவத் திருவழிபாட்டுக் கணக்கு. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்குப் பின்னான ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா ஆவதால், அதைத் தொடர்ந்துவரும் வில்லியனூர் மாதா விழாவும் ஆண்டுக்கு ஆண்டு இடம்பெயர்கிறது. நான்காவது ஆட்சியின் கணக்கு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாளாகக் கீழூரில் நினைவுகூரப்படும் ஆகஸ்ட் 16 இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றோடு, சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்த பிறையாண்டைப் பின்பற்றும் இசுலாமியர், வில்லியனூரை ஒட்டிய சுல்தான்பேட்டை போன்ற குடியிருப்புகளில் வாழ்வதையும் சேர்த்துக்கொண்டால், ஓர் ஊரின் ஓராண்டு எத்தனை கணக்குகளால் நெய்யப்பட்டுள்ளது என்பது விளங்கும்.

மாசி மகமும் உயிர்ப்புப் பெருவிழாவும் வெவ்வேறு சமயங்களுக்கு உரியன என்றாலும், இரண்டையும் முழுநிலவே முடிவுசெய்கிறது. மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஆற்றங்கரைக்கோ கோயிலுக்கோ சென்று இரவிலே திரும்ப வேண்டியிருந்த மக்களுக்கு நிலவுள்ள இரவு பெருந்துணையாக இருந்திருக்கும் என்று கருதலாம். வாரக் கணக்கில் இயங்கும் கூட்டங்களும் இவ்வரைபடத்தில் அடங்கும். அண்டைக் கொம்யூனான மண்ணாடிப்பட்டில் உள்ள மதகடிப்பட்டில் செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச் சந்தையைக் காணப் புதன்கிழமை செல்பவருக்கு அங்கு வெறும் திடலே காட்சி தரும்.

4. தேரும் தெருவும்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் இப்பகுதியின் பெருங்கோயில். இறைவி கோகிலாம்பிகை. வில்வ மரக்காடாக இருந்ததால் ஊர் இப்பெயர் பெற்றது என்பது தலமரபு. மே, சூன் திங்கள்களில் வரும் வைகாசிப் பெருவிழாவின் தேரோட்டமே இக்கோயிலின் பெயரைக் கொம்யூனுக்கு வெளியே கொண்டுசென்றது. பெருவிழா எனப்படும் பிரம்மோற்சவம் கொடியேற்றத்தோடு தொடங்கி, இரவுதோறும் வெவ்வேறு வாகனங்களில் இறைவன் வீதியுலா வருவதாக வளர்ந்து, தேரோட்டத்தில் உச்சத்தை அடைந்து, தீர்த்தவாரியால் நிறைவுறும் பத்து நாள் நிகழ்வு. ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள தேர் ‘நிலை’ எனப்படும் தன் இருப்பிடத்திலிருந்து ‘வடம்’ எனப்படும் தடித்த கயிறுகளால் இழுக்கப்பட்டு, சக்கரங்களின் கீழ் ‘முட்டுக்கட்டை’ கொடுத்து வேகமும் திசையும் அடக்கப்பட்டு, கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளைச் சுற்றி மீண்டும் நிலைக்கு வரும்போது விழா முழுமை பெற்றதாகக் கொள்ளப்படும்.

நகர அமைப்பை ஆராய்வோர் இங்குக் கவனிக்க வேண்டியது, தெருவின் அளவைத் தேர் முடிவுசெய்கிறது என்பதாகும். தேர் திரும்ப வேண்டிய முனைகளில் தெரு அகன்றிருக்க வேண்டும். தேரின் உச்சிக்குத் தடையாக மாடமோ பந்தலோ குறுக்கே நீட்டியிருக்கக்கூடாது. தேரின் எடையைத் தாங்கும் உறுதி தரைக்கு வேண்டும். ஆகவே மாடவீதிகளின் பழைய அகலத்தைக் காத்துவந்தது கட்டட விதி மட்டுமன்று. ஆண்டுக்கு ஒருமுறை அவ்வழியே வந்தாக வேண்டிய தேரும் அதைக் காத்தது. மின்கம்பிகள் தேரோட்ட நாளில் அவிழ்க்கப்படுவதும், சாலையோர ஆக்கிரமிப்புகள் விழாவுக்கு முன் அகற்றப்படுவதும் இந்தக் காவலின் இன்றைய வடிவங்கள்.

இத்தேரோட்டத்துக்குப் புதுச்சேரிக்கே உரிய ஒரு மரபு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் நேரில் வந்து வடம் தொட்டுத் தேரோட்டத்தைத் தொடங்கிவைத்தார். இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் அதே முறையில் வடம் பிடிக்கின்றனர். அரியாங்குப்பம் கொம்யூனின் வீராம்பட்டினத்தில் ஆடி ஐந்தாம் வெள்ளியன்று நடைபெறும் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்திலும் இம்மரபு தொடர்கிறது. அரசமயம் வேறாக இருந்த ஆட்சியாளர், குடிமக்களின் விழாவுக்கு விருந்தினராக வந்து அவர்களுடைய கயிற்றைப் பற்றியதைச் சமய நல்லிணக்கம் என்று மட்டும் கூறி விடுவது போதாது. மக்கள் பெருந்திரளாகக் கூடும் ஒரே நாளில் ஆட்சி தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நாளையும் இடத்தையும் ஊர் வகுத்தது, ஆட்சி அதற்கு வந்து சேர்ந்தது. இந்த வரிசை இன்றுவரை மாறவில்லை.

5. மாதாவின் குளம்

வில்லியனூரின் மற்றொரு பெருவிழா லூர்து அன்னை திருத்தலத்துக்கு உரியது. பிரான்சின் லூர்து நகரில் 1858இல் அன்னை மரியா காட்சி தந்ததாகக் கூறப்பட்டதை அடுத்துப் பரவிய வழிபாடு, இருபது ஆண்டுகளுக்குள் வில்லியனூரை அடைந்தது. 1870களில் மறைப்பணியாளர்கள் இங்குக் கோயிலை எழுப்பினர். லூர்தில் குகையும் ஊற்றும் வழிபாட்டின் நடுவாக அமைந்திருக்க, வில்லியனூரில் அந்த இடத்தைக் கோயிலின் முன்னுள்ள படிக்கட்டுக் குளம் பெற்றது. தமிழகக் கோயில்களின் திருக்குளத்தை நினைவூட்டும் இக்குளத்தில் லூர்திலிருந்து கொணர்ந்த நீர் கலக்கப்பட்டது. பிரான்சில் பிறந்த வழிபாடு தமிழ் மண்ணில் வேரூன்றியபோது, மக்கள் ஏற்கெனவே அறிந்த ‘தீர்த்தம்’ என்னும் கருத்தின் வடிவை எடுத்துக்கொண்டது என்று இதனை விளக்கலாம். தீர்த்தம் என்பது நீராடுவதாலோ தெளித்துக்கொள்வதாலோ தூய்மையும் நலமும் தருவதாக நம்பப்படும் நீர்நிலை.

விழாவின் கட்டமைப்பும் இதே ஒப்புமையைக் காட்டுகிறது. கொடியேற்றம், ‘நவநாள்’ எனப்படும் ஒன்பது நாள் மன்றாட்டு, மாலைதோறும் சிறு தேர்பவனி, நிறைவில் ஆடம்பரத் தேர்பவனி என்னும் வரிசை, திருக்காமீசுவரர் கோயில் பெருவிழாவின் வரிசையோடு அருகருகே வைத்துப் பார்க்கத்தக்கது. இரண்டுக்கும் வரும் கூட்டமும் முற்றிலும் வேறுபட்டதன்று. நேர்ச்சைக்காகப் பிற சமயத்தார் மாதா கோயிலுக்கு வருவது இப்பகுதியில் வியப்புக்குரியதாகக் கருதப்படுவதில்லை. விழுப்புரம்–புதுச்சேரிக் கிளைப்பாதை 1879இல் திறக்கப்பட்டு வில்லியனூருக்கு நிலையம் அமைந்ததும், தொலைவிலிருந்து வருவோருக்கு இத்திருத்தலத்தை எளிதில் எட்டக்கூடியதாக்கியது. கோயில் எழுந்ததும் இருப்புப்பாதை வந்ததும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தவை.

6. ஆறும் ஏரியும்

செஞ்சிப் பகுதியிலிருந்து இறங்கும் சங்கராபரணி ஆறு, இப்பகுதியின் மூன்று வகைக் காட்சிகளையும் ஒரே நீரில் கோத்துவிடுகிறது. வில்லியனூர்க் கொம்யூனின் திருக்காஞ்சியில் அது தீர்த்தமாகிறது. அங்கே கங்கை வராக நதீசுவரர் கோயில் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. மாசி மகத்தன்று மூதாதையர்க்கு நீர்க்கடன் செய்வோர் பெருந்திரளாகக் கூடுகின்றனர். 2023 ஏப்ரல்–மே திங்கள்களில் இங்குப் புஷ்கரணி விழாவும் நடத்தப்பட்டது. வியாழன் ஒவ்வோர் இராசியிலும் நுழையும்போது அந்த இராசிக்குரிய ஆற்றில் பன்னிரண்டு நாள் நீராடுவது புஷ்கரம் எனப்படும். ஒரே ஆறு மீண்டும் முறைபெறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். திருக்காஞ்சியைக் கடந்து கடலை நெருங்கும்போது ஆறு இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளையான அரியாங்குப்பத்தாற்றின் கரையில், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானியரோடு நடந்த கடல்வணிகத்தை உலகறியச் செய்த அரிக்கமேடு உள்ளது. மற்றொரு கிளையான சுண்ணாம்பாற்றில் படகுக் குழாம் இயங்குகிறது. தீர்த்தம், தொல்லியல், கேளிக்கை என்னும் மூன்றும் ஓர் ஆற்றின் சில கல் தொலைவுக்குள் அடங்கியிருக்க, அவற்றைக் காண வருவோர் மூவேறு கூட்டத்தினராகவே இருக்கின்றனர் என்பது எண்ணத்தக்கது.

பாகூர்க் கொம்யூனின் தென்னெல்லையில் தென்பெண்ணையாறு ஓடுகிறது. சோரியாங்குப்பம் முதலிய கரையூர்களில் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா நிகழ்கிறது. சுற்றுப்புற ஊர்களின் தெய்வங்கள் வாகனங்களிலும் டிராக்டர்களிலும் ஆற்றுக்கு எழுந்தருளி நீராடுகின்றன. அன்று ஒரு நாள் மட்டும் ஆற்று மணல் கடைவீதியாகிறது. சுருளிக்கிழங்கு, கரும்பு, பொரி, வளையல், நெகிழிப் பொம்மை ஆகியவை விற்கும் தரைக்கடைகளுக்கு நடுவே குடும்பங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, ஆற்றில் நீரும் மணலும் ஒருங்கே இருக்கும் குறுகிய பருவம் அது. மணலும் நீரும் குறைந்துபோனால் விழாவின் களமே இல்லாமற்போகும். ஆகவே ஆற்றுத் திருவிழாவின் பாதுகாப்பு ஆற்றின் பாதுகாப்பிலிருந்து பிரிக்க முடியாதது.

பாகூர் ஏரியும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கது. ஊசுட்டேரிக்கு அடுத்துப் புதுச்சேரியின் பெரிய ஏரியான இதற்கு, தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொணர்கிறது. சிங்காரி, பங்காரி என்னும் இரு பெண்களோடு அவ்வாய்க்காலின் தோற்றத்தை இணைத்து ஊரார் வழங்கும் கதை இன்றும் உண்டு. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனச் சொல்லவைத்தது இந்த ஏரியே. வில்லியனூர்க் கொம்யூனை ஒட்டித் தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளும் பரந்துள்ள ஊசுட்டேரி 2008இல் புதுச்சேரி அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வலசைப் பறவைகள் வரும் குளிர்பருவமும் படகுச் சவாரிக்கு மக்கள் விரும்பி வரும் பருவமும் ஒன்றாகவே அமைவதால், ஓர் இடத்தின் இரண்டு பயன்கள் ஒரே நாட்களுக்காகப் போட்டியிடுகின்றன. இடத்தை இரு கூறாக்கினால் மட்டும் இச்சிக்கல் தீராது. நாட்களையும் பிரித்தாக வேண்டும்.

7. ராட்டினமும் கூத்தும்

கேளிக்கைப் பூங்கா என்று பெயர்சொல்லத்தக்க பெரிய நிறுவனங்கள் தமிழ்நாட்டில் சென்னையைச் சூழ்ந்தே முதலில் பெருகின. 1995இல் தாம்பரம் அருகே தொடங்கிய கிஷ்கிந்தா அவற்றுள் ஒன்று. ஊரகக் கொம்யூன்களின் மக்களையோ கேளிக்கையே தேடிவந்து, சில நாள் தங்கி, அடுத்த ஊருக்குப் பெயர்ந்துவிடும். குடைராட்டினம், ராட்சத ராட்டினம், கொலம்பஸ் எனப்படும் ஊஞ்சல் கப்பல், மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறும் மரணக் கிணறு ஆகியவற்றை லாரிகளில் ஏற்றிக்கொண்டு திரியும் தொழிலினர், ஊர் ஊராக வரும் விழாக்களின் வரிசையைக் கொண்டே தம் ஆண்டு வழியை வகுத்துக்கொள்கின்றனர். நிலைத்த பூங்கா ஓரிடத்தை வாங்கி மக்களைக் காலந்தோறும் அங்கு வரவழைக்கிறது; இந்த நடமாடும் பூங்காவோ மக்கள் எப்படியும் கூடும் நாளை அறிந்து அங்குத் தன்னைக் கொண்டுசெல்கிறது. முதலீடு சிறிது, நுழைவுக்கட்டணம் இல்லை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிச்சீட்டு என்பதனால், கையில் சிறு தொகையோடு வரும் உழவுக் கூலிக் குடும்பமும் இதில் பங்குபெற முடிகிறது.

இதன் பொருளியலில் கொம்யூனுக்கும் பங்குண்டு. சந்தைகளிலும் விழாத் திடல்களிலும் கடை விரிப்போரிடம் நாள்தோறும் பெறும் கட்டணம் ‘அடிக்காசு’ எனப்படும். அதை வசூலிக்கும் உரிமை ஏலம் விடப்படுவதால், விழா நாட்கள் கொம்யூன் வருவாயின் ஒரு பகுதியாகின்றன. அதே வேளையில் ராட்டினங்களின் இயந்திர உறுதி, மின்னிணைப்பு, தீத்தடுப்பு, முதலுதவி ஆகியவற்றைச் சோதிக்கும் பொறுப்பு, வருவாயைப் பெறும் அமைப்பின் மேலும் காவல், மின், தீயணைப்புத் துறைகளின் மேலும் விழுகிறது. மதிலுள்ள பூங்காவில் ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கும் இந்தக் கண்காணிப்பை இங்கு ஒரே வாரத்துக்குள் செய்து முடிக்க வேண்டியிருப்பது ஊரக விழாக்களின் மிகப் பெரிய நிர்வாகச் சுமை.

கேளிக்கையும் வழிபாடும் இங்கு வெவ்வேறாக நிற்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிக்கு முந்தைய இரவுகளில் பாரதக் கதையைத் தெருக்கூத்தாக ஆடுவதும், மாரியம்மன் கோயில்களில் செடல் உற்சவம் நடத்துவதும் இதற்குச் சான்று. செடல் என்பது நேர்த்திக்கடனாக உடலில் சிறு அலகுகளைக் குத்திக்கொண்டு வண்டியோ தேரோ இழுத்துவரும் வழக்கம். கூத்தில் துரியோதனன் வீழ்வது ஆட்டமும் சடங்குமாக ஒரே வேளையில் நிகழ்வதால், பார்ப்போரைப் பக்தர் என்றும் சுவைஞர் என்றும் பிரிக்க இயலாது. ராட்டினம் சுற்றிவிட்டு வந்து கூத்துக்கு உட்காரும் சிறுவனும், அலகு குத்திய கையோடு ஐஸ் வாங்கித் தின்னும் இளைஞனும் அந்தத் திடலில் முரணாகத் தோன்றுவதில்லை.

இக்கேளிக்கையின் இருண்ட பக்கத்தையும் கூறாமல் விடுவது முறையாகாது. புதுச்சேரியில் மதுவின் விலை குறைவாகவும் சாராயமும் கள்ளும் சட்டப்படி விற்கப்படுவதாகவும் இருப்பதால், மதகடிப்பட்டு, முள்ளோடை போன்ற எல்லையூர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருவோர் பலருக்கு மதுக்கடையே செல்லுமிடம். விழாக் கூட்டத்தோடு இக்கூட்டம் கலக்கும் நாட்களில் சாலை விபத்தும் சச்சரவும் பெருகும் என்பதை அறிந்தே காவல் துறை தேரோட்ட நாட்களில் மதுக்கடை அடைப்பை ஒரு கருவியாகக் கொள்கிறது.

8. கல்லும் செம்பும்

மேற்கண்ட கருத்துக்கு ஒரு மறுப்பை எழுப்பலாம்: விழா கலையும், கல் கலையாது, ஆகவே கோயில்களும் நினைவிடங்களும் இடம் சார்ந்த காட்சிகள் அல்லவா? பாகூர் மூலநாதர் கோயில் முற்சோழர் காலத்தது. சோழர் கல்வெட்டுகளோடு, கன்னரதேவன் எனப்படும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் அதன் சுவர்களில் உள்ளன. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் தொண்டை நாடு கைமாறியதற்கு அவை சான்று. அதனினும் பழையவை பாகூர்ச் செப்பேடுகள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 877இல், நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளால் பாகூரின் ‘வித்யாஸ்தானம்’ எனப்பட்ட உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதை அவை கூறுகின்றன. அண்டையிலுள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைக் குறிக்கிறது. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்பான வெள்ளைநகரின் மாளிகைகளைப் பார்த்துப் புதுச்சேரியின் பழமையை மதிப்பிடுவோர், அந்நகர் தோன்றுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பாகூரில் கல்லூரி ஒன்று மானியம் பெற்றிருந்ததைப் பெரும்பாலும் அறிவதில்லை.

வில்லியனூர்க் கொம்யூனின் கீழூர் இன்னொரு வகை நினைவிடம். 1954 அக்டோபர் 18 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் இங்குக் கூடி, இந்தியாவோடு இணைவதற்கு 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். அதன்பின் நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தாமதமானதால் 1962 ஆகஸ்ட் 16 அன்றே சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. ஓர் அரசுரிமை மாற்றத்தின் களம் தலைநகரின் மாளிகையாக இல்லாமல் வயல்களுக்கு நடுவிலிருந்த சிற்றூராக அமைந்தது இந்திய வரலாற்றிலேயே அரிதான செய்தி. அங்கே நினைவுத்தூணும் மண்டபமும் உள்ளன.

ஆயினும் மறுப்பு முழுமையாக நிற்கவில்லை. கீழூருக்கு மக்களும் ஆட்சியாளரும் செல்லும் நாள் ஆகஸ்ட் 16. மற்ற நாட்களில் மண்டபம் பெரும்பாலும் தனித்தே நிற்கிறது. பாகூர்க் கல்வெட்டுகளைப் படிக்கத்தக்க வரலாற்றறிஞர் எந்நாளும் வரலாம். பொதுமக்களோ பிரதோஷத்துக்கும் சிவராத்திரிக்கும் வரும்போதுதான் அச்சுவர்களைக் கடந்து செல்கின்றனர். கல் அழியாமல் நிற்பதும் மக்கள் அதைக் காண்பதும் இருவேறு செயல்கள். முன்னதற்கு இடம் போதும். பின்னதற்கு நாள் வேண்டும்.

9. நகரின் பேணலும் கொம்யூனின் பேணலும்

1761இல் ஆங்கிலேயர் இடித்த புதுச்சேரி நகரம் 1765இலிருந்து பழைய தெருவமைப்பின் மேலேயே மீண்டும் கட்டப்பட்டது. அத்தெருக்களைக் காக்கும் முயற்சியில் இன்டாக் அமைப்பு 1980கள் முதல் ஈடுபட்டுள்ளது. தமிழர் குடியிருப்புப் பகுதியான வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் விருது கிடைத்தது. 2014 நவம்பரில் மழையின்போது இடிந்துவீழ்ந்த, பிரெஞ்சுக்கால நகர்மன்றமாகிய மேரி கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. இவை அனைத்தும் கட்டடத்தை அலகாகக் கொண்ட பேணல்.

அதே முறையைக் கொம்யூனுக்குக் கொண்டுவந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் காவலிலுள்ள சில கோயில்கள் மட்டுமே அதில் அடங்கும். மாடவீதியின் அகலம், விழாத் திடல், ஆற்று மணல், திருக்குளத்துக்கு வரும் நீர்வழி, கூத்தாடும் முற்றம் ஆகியவை பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, கைக்குப் பிடிபடாத மரபுகளான சடங்கு, விழா, நிகழ்த்துகலை ஆகியவற்றுக்கும் பாதுகாப்புக் கருத்தை விரித்தது. எனினும் அது விழாவைக் காக்கச் சொல்லுமே தவிர, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறுமையாகக் கிடக்கும் திடலை வீட்டுமனையாகாமல் காக்கும் அதிகாரத்தை யாருக்கும் தருவதில்லை. அந்த அதிகாரம் கொம்யூனுடையது. புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பின் 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் நெடுங்காலம் தேர்தல் நடத்தப்படாமல், கொம்யூன்கள் ஆணையர்களின் பொறுப்பில் இயங்கின. எந்த நாளில் எந்தத் தெரு திறந்திருக்க வேண்டும் என்பதை நன்கறிந்த ஊர், அதை முடிவுசெய்யும் மன்றம் இன்றி இருந்தது.

10. முடிபு

திருவிழா, கேளிக்கைப் பூங்கா, மரபு நகர் என்னும் முப்பகுப்பு, இடத்துக்கு மதிலும் விலையும் வைத்துப் பழகிய நகரங்களுக்கு ஏற்றது. வில்லியனூரிலும் பாகூரிலும் மாடவீதி ஒருநாள் மரபு நகராகவும் அன்றே பூங்காவாகவும் அன்றே திருவிழாவாகவும் இருந்து, மறுநாள் பேருந்தும் மாட்டுவண்டியும் செல்லும் தெருவாகிறது. நகரங்களும் நாளின் முதன்மையை இப்போது உணரத் தொடங்கியுள்ளன. கூட்டத்தைத் தாங்க இயலாத வெனிஸ் நகரம் 2024 முதல் ஆண்டின் குறித்த சில நாட்களில் மட்டும் ஒருநாள் பயணியரிடம் நுழைவுக்கட்டணம் பெறுவது இதற்குச் சான்று.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். நான்கு கணக்குகளின் விழா நாட்களையும் ஒருசேரத் தரும் கொம்யூன் நாட்காட்டி, ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியிடப்பட வேண்டும். வழிகாட்டி ஏட்டின் இடத்தை இங்கு அதுவே நிரப்பும். தேரோடும் வீதிகளும் விழாத் திடல்களும் ஆற்றங்கரைக் களங்களும் அவை பயன்படும் நாட்களின் தேவையை அளவாகக் கொண்டு நில வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். எல்லையைக் கடந்து வரும் கூட்டத்துக்கான போக்குவரத்தையும் பாதுகாப்பையும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு கலந்தே வகுக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை. தேர் ஆண்டின் பெரும்பகுதியை நிலையில் அசையாமல் கழிக்கிறது. சாதாரண நாளில் வில்லியனூருக்கு வருபவர் அதைக் கண்டும் தேரோட்டத்தைக் கண்டவர் ஆகார். அவருக்கு ஊர் தரக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி, அது எந்த நாளில் நிலையை விட்டுப் புறப்படும் என்பதுதான்.